ஓடுவதற்கு முன் ஒன்று

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத பிள்ளை கிடையாது. நானும் பிடித்தேன், பள்ளி அணியில் இடமும் கிடைத்தது. கூடவே மூச்சிழுப்பும் வந்தது. சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. ஓடினால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கரிசல் புழுதிதான் காரணம் என்றாள் அம்மா. ஓட்டம்தான் என்றார் டாக்டர். ஆனால் விளையாட்டை நிறுத்த வேண்டாம் என்றும் அவரே சொன்னதால் எனக்குத் தெய்வமாகிவிட்டார்.

"ஓடுறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி ஒரு கேப்சூல் போட்டுக்கணும்" என்றார். ஒரு டப்பா கேப்சூலும், கையடக்கமான பிளாஸ்டிக் குழல் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். வெளியே ஒரே கூட்டம். மேற்கொண்டு கேட்க எங்களுக்குத் தைரியமில்லை.

அம்மா குழலைத் துணியில் சுற்றி என் பைக்குள் ஒளித்து வைத்தாள். "ஏட்டி, மூச்சு முட்டுனா மட்டும் இத வாயில வச்சு இழு. நாலு பேரு முன்னால எடுத்துராத. இழுப்புக்காரின்னு பேரு வந்துட்டா ஒருத்தனும் கட்ட மாட்டான்." கேப்சூலை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தண்ணீர் விட்டு விழுங்கினேன்.

மாவட்டப் போட்டி வந்தது. மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தெம்பில் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடினேன். இடைவேளைக்கு முன்பே விசில் கேட்டது. நடுவர் ஊதியதல்ல. மைதான ஓரத்தில் உட்கார்ந்தேன். பேர் கெட்டால் கெடட்டும் என்று எல்லார் முன்னாலும் குழலை எடுத்து இழுத்தேன். வெறும் காற்று. மறுபடியும் இழுத்தேன். அதற்குள் ஒன்றுமே இல்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அழுவதற்குக்கூட மூச்சு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பி.டி. டீச்சர் என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு திரும்பியபோது அம்மா வந்து நின்றாள்.

"கேப்சூல் போட்டாளா?" என்றார் டாக்டர்.

"போட்டாளே. முழுங்குனத நானே பாத்தேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முழுங்குனாளா? அந்தக் குழலுக்குள்ள போடணும்மா!"

பயம் வந்தால் அம்மாவுக்குக் கோபம்தான் வரும். "மாத்திரையப் போடுன்னா வாயிலதானய்யா போடுவாவ? குழல்ல போடுன்னு நீங்க சொல்லவே இல்லியே!"

அவர் ஒரு கேப்சூலைக் குழலில் போட்டுத் திருகினார். அது உடைந்து உள்ளே வெள்ளைப் பொடி விழுந்தது. அதைத்தான் இழுக்க வேண்டுமாம்.

அடுத்த முறை பயிற்சிக்குப் போனபோது அம்மாவும் வந்தாள். குழலைப் பார்த்ததுமே பின்வாங்கினேன். அந்த வெறும் காற்றை என்னால் மறக்க முடியவில்லை. ஓட மாட்டேன் என்று அழுதேன். அம்மா கேப்சூலைப் போட்டுத் திருகி, அத்தனை பிள்ளைகளும் பார்க்கத் தன் வாயில் வைத்து இழுத்தாள். இருமினாள். இன்னொரு கேப்சூலை எடுத்துப் போட்டாள்.

"உள்ள போகுதுட்டி" என்றாள். "இப்ப நீ இழு."