கச்சானை மறித்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கொழும்பில் இரண்டு வருடம் இருந்தேன். ஊரில் எல்லோரும் நான் ஏதோ பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியதாக நினைத்தார்கள். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில், முதலாளி துணியை அளக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை.

நான் திரும்பி வந்த கோடையில் கல்முனைக் கடற்கரையில் ஒரு விழா நடத்துவதென்று எங்கள் வாலிபர்கள் கூடினார்கள்.

“கொழும்பில இதெல்லாம் எப்பிடிச் செய்யிறாங்க?” என்று ஒருவன் கேட்க, எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

கொழும்பில் நான் பார்த்த ஒரே விழா காலிமுகத்திடலில் நடந்தது. அதையும் வேலிக்கு வெளியே நின்று, முன்னால் நின்றவரின் தொப்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் துணிப் பந்தலின் உச்சி மட்டும்தான்.

“முதல்ல துணிப் பந்தல் வேணும்,” என்றேன். “ஓலைக் கிடுகுப் பந்தலக் கொழும்பில ஆரும் திரும்பியும் பாக்க மாட்டாங்க.”

அத்தோடு விழா முழுவதும் என் தலையில் விழுந்தது. நான் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் உம்மாவின் தம்பிக்கு ஒரே மகள். சின்ன வயதிலிருந்தே அவள் எனக்கென்றுதான் பேச்சு. மாமா மட்டும் பிடி கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். காலமெல்லாம் என்னைத் தன் வளவுக்குள் வைத்துப் பார்க்கப்போகிற மனிதர் கொஞ்சம் யோசிக்கத்தானே செய்வார்!

உம்மா போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இதுதான்: “ராத்தா, உங்கட மகன் ஒரு காரியத்த ஒழுங்கா முடிச்சு நான் கண்டதில்ல. இந்த விழாவ நடத்திக் காட்டட்டும். பொறகு கலியாணத்தப் பத்திக் கதைப்பம்.”

மாமாவுக்கு மருதமுனையில் தறிகள் ஓடின. பந்தலுக்கான வெள்ளைத் துணியை அவரே இரவலாகத் தந்தார். தரும்போது ஒரு கேள்வியும் கேட்டார்.

“எல்லாம் சரி மனே, கச்சானுக்கு என்ன செஞ்சிரிக்காய்?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கச்சான் இரண்டு. ஒன்று வறுத்துக் கொறிக்கும் நிலக்கடலை. மற்றது, கோடையில் மேற்கேயிருந்து நெருப்பாக வீசும் காற்று. ஊரில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஆனால் காலிமுகத்திடலில் இரண்டு வருடம் கச்சான் சுருளும் கையுமாக நடந்ததில், காற்று என் மூளையைவிட்டுப் பறந்துபோயிருந்தது.

“கச்சானில என்ன கிடக்கு மாமா?”

“என்ன கிடக்கா? போன வருசம் நீ ஊர்ல இல்லயே! விளையாட்டுப் போட்டி நடக்கக்குள்ள கச்சான் வந்திச்சு. சனமெல்லாம் கதிரைய உட்டுட்டு எழும்பி ஓடிட்டு. பந்தலடி முழுக்கக் குப்பை.”

கச்சான்காரரைக் கண்டு சனம் ஓடியிருக்கிறது, தின்ற கோதுகளை அள்ளி எறிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

“எந்தப் பக்கத்தால வரும்?”

“சம்மாந்துறைப் பக்கத்தால. வேற எங்கால வரும்?”

“எத்தின மணிக்கு?”

“மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வெளிய வந்தா முன்னுக்கு நிக்கும்.”

வியாபாரத்துக்கு நல்ல நேரம்தான். “யோசிக்காதீங்க மாமா. இந்த வருசம் கச்சான் கடற்கரைக்கு வராது. நான் பாத்துக்கொள்ளுறன்.”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துணிக்கட்டைத் தூக்கி என் தோளில் வைத்தார்.

விழா அன்று காலை எல்லாம் அபாரம். சாக்கோட்டம் நடந்தது. கயிறிழுத்தலில் கயிறுதான் தோற்றது. மாமா முன்வரிசையில் இருந்துகொண்டு, போட்டிகளைப் பார்க்காமல் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லுஹரும் முடிந்தது.

“மனே, கச்சான் இன்னும் வரல்லயே!”

“எப்பிடி வரும் மாமா? சம்மாந்துறை றோட்டில ரெண்டு பேர மறிக்க உட்டிரிக்கன்.”

“மறிக்கவா? கச்சானயா?”

“ஓம். நல்ல தடிச்ச ஆக்கள்.”

“கையில என்ன வெச்சிரிக்கானுகள்?”

“ஒரு கம்பு. அது போதும்தானே.”

மாமா குரலைத் தாழ்த்தினார். “எந்த அவுலியாட ஓதல்டா இது?” ஏதோ இறைநேசர் ஓதி மந்திரித்துத் தந்த கம்பு என்று நினைத்துவிட்டார்.

அவர் கண்ணில் எனக்கென்று ஒரு மரியாதையை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கலியாணத்துக்கு என்ன சட்டை தைப்பதென்று யோசிக்கத் தொடங்கினேன். பட்டுச் சட்டை என்று முடிவெடுத்த நேரம், முதுகில் சுடுமணல் வந்து அறைந்தது.

பந்தல் ஒருமுறை மூச்செடுத்தது. வயிறு புடைத்தது. கயிறுகள் படபடவென்று அறுந்தன. மாமாவின் தறித்துணி முழுவதும் எங்கள் தலைக்கு மேலால் எழும்பி, கடலைப் பார்த்துப் புறப்பட்டது.

“அடே, மறிச்சதெண்டாய்!” மாமா தொப்பியை இரு கையாலும் அமுக்கிக்கொண்டு கத்தினார்.

“இது வேற கச்சான் மாமா!”

“கச்சானில எத்தினடா?”

“நான் திங்கிறதச் சொன்னன்!”

அந்தநேரம் பார்த்து என் காவல்காரர் இருவரும், கூடையோடு ஒரு கச்சான்காரரை நடுவில் விட்டு, மணலைத் துப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

“மச்சான், புடிச்சிட்டம்! ஒராள்தான் வந்தாரு. அவரயும் உடல்ல!”

நான் கடலுக்குள் ஓடினேன். மாமாவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுகமாகப் பட்டது. துணியின் ஒரு முனையைப் பிடித்தேன். துணி பிடிப்பதில்தான் நான் கைதேர்ந்தவனாயிற்றே! ஆனால் கொழும்பில் மறுமுனையை முதலாளி பிடித்திருப்பார். இங்கே காற்று பிடித்திருந்தது. அது என்னைச் சுருட்டி உள்ளே போட்டுக்கொண்டது.

கரையில் நின்ற மீன்காரர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். பின்னால் கூட்டமும் இறங்கியது. கரைவலை இழுப்பதுபோல இரண்டு வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். “இழுங்கடா, நல்ல பாடு!” என்று ஒருவர் கத்தினார். துணி கரைக்கு வந்தது. உள்ளே அகப்பட்டிருந்த ஒரே மீன் நான்.

சனம் இந்த முறை ஓடவில்லை. மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “இதுதான் கொழும்பு விளையாட்டா? அடுத்த வருசமும் வெக்கணும்!” என்று என்னிடமே கேட்டார்கள்.

மாமாவைத் தேடினேன். கச்சான்காரரின் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கொறித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

“மனே,” என்றார், “உன்னால ஒண்டையும் கட்ட ஏலாது. உன்னத்தான் ஆராவது கட்டி வெக்கணும். இனியும் கொழும்புக்கு உட்டா, கடலையும் மறந்துட்டு வருவாய்.”

எங்கள் கலியாணப் பந்தல் கிடுகில்தான் போடப்பட்டது. ஒவ்வொரு முடிச்சையும் மாமாவே போட்டார். என்னைக் கிட்டவும் விடவில்லை.

உப்புக்கறை போகாத அந்த வெள்ளைத் துணியை விற்க முடியாமல், அதையும் மகளுக்கே கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டு யன்னல் திரை எல்லாம் அதுதான். கோடை பிறந்து அது படபடக்கத் தொடங்கினால், குசினிக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும்:

“என்ன, உங்கட ஆக்கள் ரெண்டு பேரும் இண்டைக்கு றோட்டில இல்லயா?”