அடியில் ஓட்டை வைத்த பெட்டி

எங்கள் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறோம், கூடவே கொஞ்சம் பொம்மையும். ஊரார் வீட்டில் மின்சாரத் தீ பிடிக்காமலிருக்க, விருத்தாசலத்திலிருந்து லாரியில் போகிறது எங்கள் சரக்கு. எங்கள் மெயின் சுவிட்ச் மட்டும் ஒரு பழைய பிளைவுட் பெட்டிக்குள் இருந்தது. போன ஆடியில் அது எரிந்தது. மணலை வாரிக் கொட்டி அணைத்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "திருஷ்டிதான்" என்றார்.

புதுப் பெட்டிக்கு டிசைன் போட முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்தார். அவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர். எங்கள் முதலாளிக்கு இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான். பாலமும் கட்டுவார், பம்புசெட்டும் பார்ப்பார்.

லேப்டாப்பில் பெட்டி அழகாகச் சுழன்றது. அடித்தட்டில் வரிசையாக நீள நீளமாக ஓட்டைகள்.

"சூடு கீழ எறங்கிப் போயிடும், மாமா" என்றார் மருமகன்.

சூளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். சூளை எரிக்கிற நாங்கள் எட்டுப் பேரும் தலையாட்டினோம்.

பெட்டி மாட்டும் இடத்துக்கு நேர் கீழேதான் என் மனைவி உட்கார்ந்து பொம்மைகளை வைக்கோலில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குவாள். ஷெட்டில் மழை ஒழுகாத மூலை அது ஒன்றுதான். எரிந்துபோன பிளைவுட் பெட்டிக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. அதன் அடிப்பலகையில் ஓட்டை இல்லை. உருகிச் சொட்டிய வயர் எல்லாம் அதன்மேலேயே கிடந்தது. புதுப் பெட்டியில் அப்படிச் சொட்டினால் நேராக வைக்கோலில் விழும், அவள் மடியில் விழும்.

இது எனக்குத் தெரிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் எதிரில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு அட்டையைக் கிழித்துப் பென்சிலால் வரைந்தேன். இரும்புத் தகடு, மூடிய அடி, காற்றுக்குப் பக்கவாட்டில் சாய்ந்த பிளவுகள், உள்ளே சுவிட்ச் மாட்டப் பலகைக்குப் பதில் எங்கள் பீங்கான் தகடு. வரைந்ததை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் விளக்கமாகச் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது? நானா பொட்டி செய்யறேன்? அங்க போயி சொல்லுங்க."

"நாளைக்கு சொல்றேன்."

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி என்னைக் கொளுத்திடுவீங்க."

வெள்ளிக்கிழமை பெட்டியை மாட்டினோம். மாட்டியவனும் நான்தான். 'தீப்பிடிக்காது' என்று சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கரண்ட் கொடுக்கும் முன் பூஜை. எங்கள் முதலாளி எந்த மிஷினுக்கும் வெளியே நின்று கற்பூரம் காட்டுகிறவர் இல்லை. உள்ளே கைவிட்டுக் காட்டினால்தான் சாமிக்குத் தெரியும் என்பார். கதவைத் திறந்து தட்டை உள்ளே நுழைத்து மூன்று சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றில் தட்டு சாய்ந்தது. எரிகிற கற்பூரம் உருண்டு, ஓட்டை வழியாகக் கச்சிதமாக இறங்கியது.

வைக்கோல் குப்பென்று பற்றியது.

"ஐயோ" என்று எல்லோரும் பின்னால் ஓடினார்கள். பூஜைக்காக எழுந்து தள்ளி நின்ற என் மனைவி மட்டும் பக்கத்திலிருந்த, பொம்மை முக்கும் மண்கூழ் வாளியைத் தூக்கி ஒரே வீச்சாக வீசினாள். தீ அணைந்தது. பாதி வாளி மருமகனின் வெள்ளைப் பேண்டில் இருந்தது.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "அடியில ஓட்ட வேணாங்க."

அட்டையை நீட்டினேன். மருமகன் கூழ் வழியும் கையால் வாங்கிப் பார்த்தார். "ஆமா மாமா, இதத்தான் நானும் அடுத்த வெர்ஷன்ல வெக்கலாம்னு இருந்தேன்" என்றபடி போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள மூள மூளதான்" என்றார் முதலாளி.

அடுத்த வாரம் லேப்டாப்பில் என் பெட்டி சுழன்றது, கீழே அவர் பெயரோடு. நான் அதே அளவில் தகடு வெட்டி, அடியை மூடி, மாட்டினேன். மனைவி கீழே உட்காரும் முன் அடித்தட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கூழ் வாளியையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அதான் மூடியாச்சே, வாளி எதுக்கு?" என்றேன்.

"பொட்டிய நம்பறேன். உங்க வாயத்தான் நம்ப முடியல" என்று வைக்கோலை எடுத்தாள்.