செல்வியின் பெயரில் என் கை

"பத்தாவது பாஸ்னு சொல்றீங்க. அப்புறம் ஏம்மா இதுல கைநாட்டு இருக்கு?"

இலவச சட்ட உதவி மையத்தின் எழுத்தர், என் மருத்துவமனைக் கோப்பின் நகலைப் புரட்டியபடி கேட்டார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நாங்கள் குடியிருக்கும் ஈஜிபுராவில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

சந்தாபுரா பக்கத்தில், அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பஞ்சிங் மெஷினில் கோணலாகப் போன அட்டையைச் சரிசெய்யும்போது, வலது கை உள்ளே இருக்கையிலேயே மெஷின் மூடிக்கொண்டது. முதலில் வலிக்கவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கப் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை.

கம்பெனி என்னைக் காப்பீட்டில் சேர்த்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்து மெஷினில் இருந்த செல்வி அக்காவின் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு என்னை ஆட்டோவில் ஏற்றினார். அது போட்டோ ஒட்டாத தற்காலிக அட்டை.

"இனிமே உன் பேரு செல்வி. செல்விக்கு எழுதப் படிக்க வராது, ஞாபகம் இருக்கட்டும். உன் இங்கிலீஷை அங்க காட்டாத" என்றார்.

ஆபரேஷன் ஒப்புதல் தாளில் இடது கட்டைவிரலை வைத்தேன்.

டாக்டர் அறுந்த தசைநாண்களை (தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு போன்ற பகுதி) தைத்தார். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல்கள் பாதி வளைந்தபடி நின்றுவிட்டன. ஒட்டுதல் (தழும்பு தசைநாணைப் பிடித்துக்கொண்டு நகரவிடாமல் செய்வது) என்றார்கள்.

"இன்னொரு ஆபரேஷன் பண்ணி விடுவிச்சுப் பாக்கலாம். ரொம்பத் தள்ளிப்போட்டா மூட்டே இறுகிடும், செல்வி" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன்.

அதற்குள் அந்தத் தற்காலிக அட்டையின் காலம் முடிந்து, செல்வி அக்காவுக்குப் போட்டோ ஒட்டிய அட்டை வந்துவிட்டது. கம்பெனிக்குப் போனேன். அதே மேற்பார்வையாளர் கேட் அருகே வந்து, "யாரும்மா நீ?" என்றார். நான் அங்கே வேலை பார்த்தவள் என்று நிரூபித்தால்தான் என் பெயரில் அடுத்த ஆபரேஷன். அதற்காகத்தான் சட்ட உதவி மையத்துக்குப் போனேன்.

மையத்தின் வக்கீலம்மா எழுத்தரிடமிருந்து கோப்பை வாங்கிப் பார்த்தார். "கைநாட்டு இருக்கறதே ஒள்ளேதாச்சு, நல்லதாப் போச்சு" என்றார் கன்னடம் கலந்து. "கையெழுத்துன்னா யார் எழுத்துன்னு சண்டை போடணும். ரேகை உன்னோடதுன்னு காட்டிடலாம். ஆனா நீயா ஆள்மாறாட்டம் பண்ணினதா கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க. கார்டை யார் வாங்கிட்டுப் போனாங்கன்னு செல்வி வந்து சொல்லணும்."

சந்தாபுராவில் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"போன மாசம் காய்ச்சல்னு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன்டி. டாக்டரு ஃபைலைப் பாத்துட்டு, கைய நீட்டு, ஆபரேஷன் எப்படி ஆறியிருக்குன்றாரு. திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. தழும்பே காணோமேன்னு அவருக்கு ஆச்சரியம். எனக்குக் காய்ச்சலே விட்டுப்போச்சு."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்த வேலைய விட்டா எங்கடி போவேன்? நானா வந்து சொல்ல மாட்டேன்." வாசல்வரை வந்தவர், மெதுவாகச் சொன்னார்: "கோர்ட்டுல இருந்து கூப்பிட்டா வேற. வராம இருக்க முடியாது."

அது சம்மதமா, பயமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வக்கீலம்மாவிடம் சொன்னேன். "சம்மன் போனா அவங்களுக்கும் நல்லதுதான். கம்பெனி கேட்டா அதைக் காட்டலாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வேலை போனால் கஷ்டப்படப் போவது வக்கீலம்மா இல்லையே.

இதைப் படிப்பவர்களில் என்னைப்போல் அடிபட்டவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். எவ்வளவு வலித்தாலும் மருத்துவமனையில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

காலையில் கண்விழித்ததும் இடது கையால் வலது விரல்களை மடக்கிப் பார்க்கிறேன். நேற்றைவிட எவ்வளவு குறைவாக மடங்குகிறது என்பதை வைத்தே இப்போது நாட்களை அறிகிறேன். மற்றவர்களின் நாள் வேறு, என் விரல்களின் நாள் வேறு.

திங்கட்கிழமை, என் வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சம்மன் மனுவைக் கொடுத்தேன். சாட்சியின் முகவரி தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லி, கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்தேன்.