மாட்டுக்குத் துக்கம் கேட்கப் போன டீச்சர்

வெள்ளம் வடிந்து பத்து நாளில் என்னை மனநல ஆலோசகராக ஆக்கிவிட்டார்கள். முப்பது வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறேன். வேர், தண்டு, இலை எல்லாம் பிய்த்துக் காட்டத் தெரிந்தவளுக்கு மனசைப் பிய்ப்பதா கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள் போல. அரூரில் ஒரே ஒரு நாள் பயிற்சி. காலையில் டீ, வடை; மதியம் சாம்பார் சாதம்; இடையில் வளரிளம் பருவத்தினரின் மனக்காயம்.

பயிற்சி கொடுத்த தம்பி எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். அமைதியாக ஓடும் ஓர் ஆற்றை மனதில் கொண்டுவாருங்கள் என்றார். வெள்ளத்தில் வீடு வாசல் போன பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டுகிற வைத்தியத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ! நானும் அடக்கமாகக் குறித்துக்கொண்டு வந்து மறுநாளே பிளஸ் டூ வகுப்பில் அதைச் செய்தேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பிறகு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணைத் திறந்துகொள்ளட்டுமா என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. 'மாணவர்கள் உற்சாகமாக உள்ளனர்' என்று படிவத்தில் எழுதி அனுப்பினேன்.

அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை. அவர்கள் வீட்டுக் கறவை மாடு கட்டிய இடத்திலேயே செத்துப்போயிருந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு படிவம் கொடுத்து அனுப்பினார்கள். கம்பைநல்லூர் பஸ் பிடித்துப் போனேன்.

எங்கள் பக்கம் துக்கம் கேட்கப் போனால் ஒரு முறை உண்டு. எப்படி ஆச்சு என்று கேட்டு, முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வைக்காமல் எழுந்திருக்க மாட்டோம். அடுத்த ஆள் வந்தால் மறுபடி முதலிலிருந்து. மாட்டுக்கும் அதே மரியாதை நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அவளுடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அரூர் போயிருந்தது, ஆறு ஏறியது, மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லி அவர் மகளுக்குப் போன் செய்தது, மகள் அவிழ்க்காமல் விட்டது. யார் வந்தாலும் கதை மகளிடம்தான் வந்து முடியும். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் அம்மா கதையோடு சேர்த்தே சொன்னார்.

நான் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் படிவத்தைப் பிரித்து ஏழாவது கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல ரெகார்டு நோட்ட எடுக்கத்தாங்க டீச்சர் வூட்டுக்குள்ள போனேன். நாளைக்கு நோட்டு வரலன்னா கையெழுத்தே போட மாட்டேன்னு சொன்னீங்க. எடுத்துட்டு வர்றதுக்குள்ள மாட்டுக் கொட்டாய்ல தண்ணி ஏறிருச்சுங்க."

சொன்னேன்தான். வருஷா வருஷம் எல்லா வகுப்பிலும் சொல்வேன். ஒரு வருஷம்கூடக் கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை. என் மிரட்டலை ஒரு பிள்ளையும் சட்டை செய்ததில்லை. மதித்த ஒரே பிள்ளை இவள். இந்த வாயைத் தைத்தால் என்ன என்று இருந்தது. பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் அழக்கூடாது என்பது பயிற்சியில் முக்கியமான பாடம். நன்றாக அழுதேன்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். நோட்டுக்காக மாட்டைச் சாகவிட்டேன் என்று தெரிந்தால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்றாள். நான் சொல்லட்டுமா என்றேன். சரியென்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் அவள் அப்பா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்களும் நகரவில்லை, டீச்சர் வாயால் ஒருமுறை கேட்காமல் எப்படிப் போவார்கள்? முதலிலிருந்து சொன்னேன். என் கதை வெள்ளத்துக்கு முந்தின நாள், என் வகுப்பில் தொடங்கியது. மகள்மேல் பழி விழுகிற இடம் வந்ததும் அதை என்மேல் போட்டுக்கொண்டேன். படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று கும்பிட்டேன்.

அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கறவ மாடுங்க டீச்சர்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"நோட்டு நனையாம இருக்குதா பாப்பா?"

"இருக்குதுப்பா."

"அப்ப எடுத்துட்டு வா. டீச்சர் வந்துருக்கறாங்க, இப்பவே கையெழுத்து வாங்கிக்க."