ஆப்சென்ட் வேறு, சைபர் வேறு

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு டீச்சர் கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைத்து, அதைப் பெயிலும் ஆக்கிவிட்டாராம். 2005-இல் திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் புறப்பட்ட இந்தப் பேச்சு, ஆத்தூர் போய்ச் சேருவதற்குள் கையில் ஒரு பிரம்பையும் வாங்கிக்கொண்டது. டீச்சர் கம்ப்யூட்டரை நாலு சாத்து சாத்தினாராம், அது அழுததாம். விசாரித்துப் பார்த்ததில் பிரம்பும் அழுகையும்தான் பொய்.

டீச்சர் பெயர் பிரிஸ்கில்லா. கணக்கு டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே எம்.ஃபில். படித்தார். காலையில் சாப்பிட்டு வருகிற பிள்ளைகள், சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளைவிடக் கணக்கில் எவ்வளவு கூட மார்க் வாங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, "சாப்பிட்டேன்", "இல்ல டீச்சர்" என்று எழுதிவைத்திருந்தார். காலாண்டுப் பரீட்சை மார்க்கும் கையில் இருந்தது. கணக்கையும் நோட்டில் கையாலேயே போடத் தொடங்கியிருந்தார்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அப்துல் வாஹித் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை.

"கையில போட்ட கணக்கெல்லாம் இப்ப யாரும்மா பாக்குறா? கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். ரெண்டு தடவ தவணை வாங்கியாச்சு. மூணாவது கெடையாது, பதிவே ரத்தாயிரும்."

அன்று தேதி பதினாறு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த பிராங்கிளினிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிக்கிற ஆள். கேட்டதற்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"லட்ச ரூபா சாப்ட்வேர் இருக்கு டீச்சர். கிராக் போட்டு வச்சிருக்கேன்."

"அப்டின்னா?"

"காப்பி அடிச்சது."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சை ஹால்ல இதே காரியத்த ஒருத்தன் செஞ்சா நான் என்ன செய்வேன்னு தெரியும்ல தம்பி?"

"ஆத்தாடி! சரி, சும்மா கெடைக்கிறதையே பாப்போம்."

சும்மா கிடைப்பது அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடிக்களை நூலில் கோத்துத் தோரணம் கட்டியிருந்தார். பிளேடால் நூலை அறுத்து இறக்கியதில், புள்ளிவிவரக் கணக்குப் போடும் இலவச மென்பொருள்கள் மூன்று தேறின.

முதலில் திறந்தது நல்ல சிவப்பும் பச்சையுமாகச் சிரித்தது. விவரங்களைக் கொடுத்ததும் தேர் அலங்காரம்போல ஒரு படம் வரைந்து, சாப்பிட்ட பிள்ளைகளுக்குப் பத்தரை மார்க் கூடுதல் என்றது. பேராசிரியர் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தார்.

"பத்தரை! பிரமாதம்மா. பத்திரிகைக்கே அனுப்பலாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் டீச்சரின் கண் படத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தில் விழுந்தது. மொத்தம் 212. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கே பரீட்சை எழுதினார்கள்? பரீட்சை அன்று முகூர்த்த நாள். பூ விலை ஏறிக் கிடந்ததால் பதினேழு பிள்ளைகள் விடியக்காலையிலேயே மல்லி பறிக்கப் போய்விட்டார்கள். எழுதியது நூற்றுத் தொண்ணூற்றைந்து பேர். அந்தப் பதினேழு கட்டத்தையும் டீச்சர் வெற்றாகத்தான் விட்டிருந்தார். சிவப்புப் பச்சை மகராசன் ஒவ்வொன்றிலும் ஒரு சைபரைப் போட்டு நிரப்பிவிட்டான். பதினேழு பேரில் பதினான்கு பேர் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள். பத்தரை வராமல் என்ன செய்யும்?

அடுத்த பஸ்ஸிலேயே பிரௌசிங் சென்டருக்குத் திரும்பினார்.

"பிராங்கிளின், மூணுக்கும் பரீட்சை வைக்கணும்."

ஒரு வகுப்பின் நாற்பது பேர், அதில் இரண்டு பேர் ஆப்சென்ட். சராசரி ஐம்பத்தைந்து என்று கையால் போட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றுக்கும் ஒரே கேள்வித்தாள். சிவப்புப் பச்சை ஐம்பத்திரண்டே கால் என்றது.

"பெயில்."

"ரெண்டே முக்காதான டீச்சர் வித்தியாசம்? பாத்துப் போடுங்க."

"வராத புள்ளைக்குச் சைபர் போட்டா அவங்கப்பா சும்மா விடுவாரா? ஆப்சென்ட் வேற, சைபர் வேற தம்பி."

அதன் பெயரை டீச்சர் இன்றுவரை சொல்லவில்லை. பெயிலான பிள்ளையின் பெயரை வெளியே சொல்வது அவருக்கு வழக்கமில்லை. இரண்டாவது மென்பொருள் மெத்தப் படித்தது. கறுப்புத் திரையில் கேள்வியை அதன் பாஷையில் தட்டச்ச வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் முறைத்தது. முக்கால் மணி நேரம் கெஞ்சியதில் ஐம்பத்தைந்து என்று சரியாகச் சொன்னது.

"இவன் பெரிய அறிவாளி. ஆனா எனக்கு இருக்கிறது பத்து நாளுதான்" என்று டீச்சர் மரியாதையாக அதை மூடிவைத்தார்.

மூன்றாவது சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. ஆனால் கேட்பதற்கெல்லாம் பொத்தான் இருந்தது. அழுத்தினார். 'எழுதியவர்கள் 38, விடுபட்டவர்கள் 2, சராசரி 55.'

"பாஸ்!" என்று கத்தியது பிராங்கிளின்தான்.

முழுக் கணக்கையும் அதில் போட்டபோது பத்தரை நாலாகச் சுருங்கியது. பழைய தாளை அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கையெழுத்தும் கிடைத்திருக்கும். டீச்சர் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. யோசித்தபடியே பேராசிரியர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். தேதி இருபத்தேழு.

"பத்தரை எங்கம்மா?"

"மல்லி பறிக்கப் போயிருச்சு சார்."

விவரத்தைக் கேட்ட பேராசிரியர் புதுத் தாளின் அடியில் இருந்த பொடி எழுத்தை விரலால் தேடிப் படித்தார். "இம்புட்டுதானா? நாலு மார்க் வித்தியாசம் ஆராய்ச்சிக்குத் தேறுமா?"

"தேறுது சார். ஜஸ்ட் பாஸ் இல்ல, ஓரளவு நல்லாவே தேறுது."

"நானே பாத்திருக்கணும்" என்று முனகிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

பிரிஸ்கில்லா எம்.ஃபில். ஆனார். பட்டம் கைக்கு வந்தபிறகு, அந்தச் சாம்பல் மென்பொருளின் உரிமக் குறிப்பைச் சாவகாசமாகப் படித்தார். செய்தவர் ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர். 'இலவசம். பயன்பட்டால் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள்' என்று விலாசத்தோடு எழுதியிருந்தார்.

டீச்சர் கடை கடையாக ஏறினார். சுவிட்சர்லாந்து இருந்தது, காஷ்மீர் பனி இருந்தது, ரோஜாப்பூவுக்குள் தூங்குகிற குழந்தை இருந்தது. திண்டுக்கல் இல்லை. சரி, மலைக்கோட்டையை நாமே படம் எடுத்து அச்சடிப்போம் என்று பிராங்கிளின் கேமராவைத் தூக்கினார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒருவர் வீட்டுக் காதணி விழா பேனர் பாதி மலையை மறைத்தது. அது இறங்கியதும் பூப்புனித நீராட்டு விழா ஏறியது.

"சுவிட்சர்லாந்தையே அனுப்பிருங்க டீச்சர். அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

வருஷம் நாலு ஆகிவிட்டது. அட்டை இன்னும் பாக்கி.