மிளகுத் தராசில் ஏறிய விமானம்

3.7.1989 — 1,014 கிலோ
17.5.1993 — 1,102 கிலோ (இதில் 62 ஐயத்துக்குரியது)
5.6.1999 — 946 கிலோ
பறப்புகள் — 2,046
பயணிகள் — 27,911
பைகள், மூட்டைகள் — 40,306
மொத்த எடை — 20,87,412 கிலோ

கொச்சி மட்டாஞ்சேரியில், செர்லாய்ப் பகுதியில் குடியிருக்கும் நீலகண்டனுக்கு எழுபத்தாறு வயது. கடவுள் உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். மேலே உள்ள எண்கள் சரியா என்று கேட்டால் யோசிக்க மாட்டார், ஒரே ஒரு அறுபத்திரண்டைத் தவிர.

வெலிங்டன் தீவில் பழைய விமான நிலையம் இருந்த காலத்தில், அங்கிருந்து லட்சத்தீவின் அகத்தித் தீவுக்கு ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு ஒரு வாடகைக் கம்பெனி ஓடியது. அதில் எடை எழுத்தர் வேலை நீலகண்டனுடையது. விமானம் டோர்னியர் 228. பெரிய ஜெட் விமானத்தில் ஆளைப் பார்த்து ஒரு சராசரி போட்டுக்கொள்வார்கள். இது பத்தொன்பது இருக்கை கொண்ட சின்ன ஜீவன். தீவின் ஓடுபாதையும் சின்னது. அதனால் ஏறும் ஒவ்வொருவரையும் மூட்டையைப் போலவே தராசில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். தாசில்தார் வந்தாலும் தராசு, மடாதிபதி வந்தாலும் தராசு. மடாதிபதி தொண்ணூற்றாறு. தண்டத்தோடு ஏற வந்ததால், அதை வாங்கித் தனியாக எடைபோட்டார் நீலகண்டன்.

அந்த விமானத்தின் சரித்திரத்தை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவர் சொல்லுவார். ஜெர்மனியில் எழுபதுகளில் முதலில் இறக்கையைத்தான் கண்டுபிடித்தார்கள். குறைந்த தூரம் ஓடி, நிறையச் சுமந்து எழும்பும் இறக்கை. அதை ஒரு பழைய விமானத்தில் மாட்டிச் சோதித்துவிட்டு, பிறகுதான் அந்த இறக்கையில் தொங்கவிட ஒரு உடம்பு தேடினார்கள். அவசரத்தில் கிடைத்தது டிபன் பாக்ஸ் போல ஒரு சதுர உடம்பு. அதன் முன்னால் கூரான நீள மூக்கை ஒட்டிவைத்தார்கள். 1981 மார்ச் 28 அன்று அது முதலில் பறந்தது. எண்பதுகளின் நடுவில் கான்பூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். கடற்படை வாங்கியது, கடலோரக் காவல்படை வாங்கியது, விமானப்படையும் வாங்கியது. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, கழிப்பறை கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இருக்கை போட்டிருப்பதால் எல்லோருக்கும் ஜன்னல் உண்டு. "சமத்துவம்னா இதுதான்" என்பார். மூக்கைப் பார்த்து மட்டாஞ்சேரிக்காரர்கள் அதற்கு மூஞ்சூறு என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையாரைச் சுமப்பதால் பொருத்தமான பெயர்தான் என்று, தன் தொந்தியைத் தடவிக்கொண்டே நீலகண்டன் ஒப்புக்கொண்டார்.

கம்பெனிக்கு விமானம் வாங்கக் காசு இருந்தது, தராசு வாங்க இல்லை. எனவே பஜாரில் மூடப்போகும் ஒரு மிளகுக் கிடங்கிலிருந்து வட்ட முகமும் முள்ளும் வைத்த பழைய மேடைத் தராசு ஒன்றை நீலகண்டன் ஏற்பாடு செய்தார். அந்தக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் அவர் மைத்துனன் லக்ஷ்மிநாராயணன். பத்து வருஷமும் தினம் காலை பதிவேட்டின் முதல் வரி ஒன்றுதான்: "6.10 — முள் பூஜ்யத்தில்." வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியின் மேலதிகாரி வருவார். தராசில் ஏறி, முகம் சுளித்து, இறங்கி, ஒரு சாயா குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். 1999-இல் விமான நிலையம் நெடும்பாசேரிக்குப் போனபோது கம்பெனி இழுத்து மூடியது. விடைபெறும் பரிசாகத் தராசை நீலகண்டனுக்கே கொடுத்துவிட்டார்கள். அதைத் தூக்கிப்போக ஆள் கூலி கூட அவர்களிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

இருபத்துநான்கு வருஷம் தராசு வீட்டு நடையில் நின்றது. பிறகு, 9.10.2023 அன்று, கான்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர்களும் விமானிகளும் சேர்ந்து ஒரு சிறு விமான வரலாற்றுக் குழு வைத்திருந்தார்கள். இந்த விமானம் நாட்டில் எங்கெங்கே, எப்படியெல்லாம் உழைத்தது என்று புத்தகம் போடுகிறார்கள். தொகுப்பாளர் மாதுரி என்ற பெண். நீலகண்டனின் பதிவேட்டைப் பற்றி யாரோ சொன்னார்களாம். ஏற்றிய ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உள்ள விமானம் நாட்டிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும், கொச்சிக்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகிறோம் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு உறுதிமொழித் தாள்: "இதிலுள்ள ஒவ்வொரு எடையும் தராசில் கண்டு எழுதியது." ஜனவரி 31-க்குள் கையெழுத்து வராவிட்டால், கொச்சிக்கு நேரே "ஆவணம் இல்லை" என்று அச்சாகும்.

நீலகண்டன் பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். 17.5.1993 குறுக்கே வந்து நின்றது.

அன்று ஊழியர் குடும்பத்துக்கு இலவச இருக்கை. மனைவி கமலாக்ஷி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் பதினோரு தீவுக்காரர்கள், ஒரு ஹோட்டல் முதலாளி, இரண்டு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நீலகண்டன் தராசைக் காட்டினார்.

"இதுல ஏற மாட்டேன்."

"கமலா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நான் என்ன மிளகு மூட்டையா, இத்தனை பேர் முன்னாடி நிறுத்த? அறுபத்திரண்டு. எழுதிக்கோங்கோ."

"வாயால சொல்றதை எழுத முடியாது."

"அப்போ நாளைலேர்ந்து சாதத்தையும் வாயால சொல்றேன், சாப்பிட்டுக்கோங்கோ."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீலகண்டன் 62 என்று எழுதி, பக்கத்தில் கடுகளவு புள்ளி வைத்தார். முப்பது வருஷமாக அந்தப் புள்ளி அவர் கண்ணில் தூசியாக உறுத்தியது. அவள் உட்கார்ந்தால் ஊஞ்சல் சங்கிலி எழுப்பும் சத்தத்தை வைத்து அவர் ரகசியமாகப் போட்ட கணக்கு அறுபத்தொன்பது.

உறுதிமொழித் தாளோடு இரண்டரை மாதம் குட்டி போட்ட பூனையாய் நடந்தார். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவியிடம் வாய் திறந்தார்.

"கமலா, தொண்ணூத்திமூணுல உன் நிஜ எடை என்ன?"

துருவுபலகை நின்றது. "இதுக்குத்தான் ரெண்டு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருந்தேளா? நான் சொன்னதுதான். முந்தின நாள் சாயங்காலம் ரேஷன் கடைத் தராசில ஏறிப் பார்த்துண்டுதான் வந்தேன். அறுபத்திரண்டு. உங்களைத் தெரியாதா எனக்கு?"

"ரேஷன் கடைத் தராசா? அதை யார் நம்புவா?"

"ஆமாம், ரேஷன் தராசு பொய், ஆஸ்பத்திரி தராசு பொய், கேஸ்காரன் தராசு பொய். லோகத்துல உங்க தராசு ஒண்ணுதான் அரிச்சந்திரன்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. கொண்டு வந்தவன் வீரபாண்டி, உசிலம்பட்டிக்காரன். ஆறு வருஷமாக இந்தத் தெருவுக்குச் சிலிண்டர் போடுகிறான். இந்த வீட்டுக்கு வரும்போது மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு வருவான். காரணம் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரையும் நீலகண்டன் தன் தராசில் ஏற்றுவார், ஒரு கிலோ குறையும், உடனே ஏஜென்சிக்குப் புகார்க் கடிதம் போகும். தராசு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுவரை போனவை நூற்று முப்பத்தெட்டு. எல்லாவற்றுக்கும் நகல் உண்டு.

"சாமி, சீல் அப்படியே இருக்கு, பாத்துக்கங்க. இந்தா காலி எடை பதினஞ்சு புள்ளி மூணு, சிலிண்டர்லயே அடிச்சிருக்கான். கேஸு பதினாலு புள்ளி ரெண்டு. மொத்தம் இருபத்தொம்பதரை." வீரபாண்டி கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிக் காட்டினான். இருபத்தொன்பதரை.

நீலகண்டன் தன் தராசில் ஏற்றினார். இருபத்தெட்டரை.

"எல்லாச் சிலிண்டர்லயும் கரெக்டா ஒரே ஒரு கிலோவை மட்டும் திருட நான் என்ன விஞ்ஞானியா சாமி?" என்றான் வீரபாண்டி. "திருடுறவன் ஒருநாள் ரெண்டு கிலோ எடுக்க மாட்டானா?"

இந்தக் கேள்வியை நீலகண்டன் நூற்று முப்பத்தெட்டு கடிதங்களில் ஒன்றில்கூடத் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கமலாக்ஷி துருவுபலகையோடு வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு தராசையும் மாறி மாறிப் பார்த்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

லக்ஷ்மிநாராயணனுக்குப் போன் போயிற்று. தோப்பும்படியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தராசின் முகத்தைத் தட்டி, பின்பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே முள்ளின் அடியில் ஒரு சின்ன ஆணி. அதைத் தாண்டி முள் நகர வேண்டுமென்றால் முதலில் ஒரு கிலோ ஏற வேண்டும்.

"இது சாக்குத் தராசாக்கும், அத்திம்பேர். மிளகோட சேர்ந்து சாக்கும் ஏறுமில்லையா? ஒவ்வொரு மூட்டைக்கும் மனசுக்குள்ள கழிச்சிண்டிருக்க முடியுமா? அதான் சாக்கு எடை ஒரு கிலோவை ஆணியடிச்சே கழிச்சு வச்சது. பஜார்ல எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதேடா!"

"நீங்க கேக்கலையே. தராசு வேணும்னேள், கொடுத்தேன். நீங்க அதுல மனுஷாளை ஏத்துவேள்னு நான் கண்டேனா?"

"மனுஷா எல்லாம் சாக்கு கட்டிண்டா வந்தா?"

"அதை நீங்கதான் பார்த்திருக்கணும்," என்றான் லக்ஷ்மிநாராயணன். அக்காவிடம் திரும்பி, "அக்கா, ஒரு சாயா கிட்டுமா?" என்றான்.

வீரபாண்டிக்கும் சாயா கிடைத்தது. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த முதல் சாயா.

நீலகண்டன் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூவாயிரத்துச் சொச்சம் காலைப் பொழுதுகளில் "முள் பூஜ்யத்தில்" என்று எழுதியிருக்கிறார். முள் பூஜ்யத்தில்தான் இருந்தது. ஆணியில் சாய்ந்துகொண்டு சுகமாக இருந்தது. ஒவ்வொரு ஆளும் ஒரு கிலோ குறைவு, ஒவ்வொரு மூட்டையும் ஒரு கிலோ குறைவு. மூஞ்சூறு ஒவ்வொரு தடவையும் அவர் அறியாத முப்பத்துச் சொச்சம் கிலோவைச் சேர்த்துச் சுமந்துகொண்டு கடலைத் தாண்டியிருக்கிறது. 27,911 பயணிகளில் சரியான எடை எழுதப்பட்டது ஒரே ஒருத்திக்கு. அவள் தராசில் ஏறாதவள்.

"ஆணியைப் பிடுங்கிடட்டுமா?" என்று கேட்டான் லக்ஷ்மிநாராயணன்.

"வேண்டாம்," என்றாள் கமலாக்ஷி. "இப்போதான் எனக்கு அந்தத் தராசு பிடிச்சிருக்கு. ஒண்ணும் செய்யாம வெறுதே ஒரு கிலோ குறையறது."

இனி இரண்டு வழி இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். எழுதிய ஒவ்வொன்றும், 62 நீங்கலாக, தராசில் கண்டதுதானே? அந்த 62-ம் உண்மைதானே? கான்பூரில் யாருக்கு ஆணி தெரியும்? லக்ஷ்மிநாராயணன் அதைத்தான் சொன்னான். இல்லாவிட்டால் உண்மையை எழுதலாம். எழுதினால் அத்தியாயம் போகும், "ஆவணம் இல்லை" என்று வரும். பத்து வருஷ உழைப்புக்கு அந்த இரண்டு வார்த்தை.

நீலகண்டன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலை ஆறு பத்துக்கு உட்கார்ந்து எழுதினார்.

"பதிவேட்டின் நகலை இத்துடன் அனுப்பியுள்ளேன். உறுதிமொழியில் கையெழுத்திட இயலாது. என் தராசு மிளகுக்கானது, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ கழித்துக் காட்டியது. ஆகவே 68,217 எடைகளில் 68,216-உடன் ஒவ்வொரு கிலோ கூட்டிக்கொள்ளவும். திருத்திய மொத்தம் 21,55,628 கிலோ. 17.5.1993 அன்று தராசில் ஏறாத பயணி ஒருவருக்கு மட்டும் திருத்தம் தேவையில்லை. அந்த எடை சரியானது. தவறு முழுவதும் என்னுடையது."

கடிதம் 31.12.2023 அன்று எழுதப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமை. எனவே மறுநாள் தபாலில் சேர்ந்தது. கேஸ் ஏஜென்சிக்கும் ஒரு கடிதம் போனது, நூற்று முப்பத்தொன்பதாவது. அதில் முந்தைய நூற்று முப்பத்தெட்டும் வாபஸ் பெறப்பட்டன. ஏஜென்சியில் அதைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதாக வீரபாண்டி வந்து சொன்னான்.

ஜனவரி போயிற்று. நீலகண்டன் தபால்காரரைப் பார்த்தால் கேட்பதை நிறுத்திக்கொண்டார். கடற்படையின் டோர்னியர் ஒன்று கூரைக்கு மேலே போகும்போது அண்ணாந்து பார்த்து நேரம் குறிப்பது அவர் வழக்கம். அதையும் பத்து நாள் நிறுத்தினார். கமலாக்ஷிதான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாள்காட்டி ஓரத்தில் எழுதிவைத்தாள்: "9.40, ஒண்ணு போச்சு."

அப்புறம் கான்பூர் உறை வந்தது. கமலாக்ஷியையே பிரித்துப் படிக்கச் சொன்னார்.

மாதுரி எழுதியிருந்தாள். அவருடைய கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் வாசித்தபோது, அந்தக் காலத்தில் கொச்சியில் ஓட்டிய இரண்டு விமானிகள் சிரித்துச் சிரித்து இருமினார்களாம். நீலகண்டன் கொடுக்கும் எடைத் தாளை நம்பி ஓடினால் மூஞ்சூறு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தரையை விடுமாம். எனவே இரண்டாம் மாதத்திலிருந்தே அவர்கள் தங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி போட்டுக்கொண்டார்கள்: "நீலகண்டன், கூட்டு 35." அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் மணிக்கணக்கில் விளக்கம் கேட்பது? அந்தக் குறிப்பேடுகள் இன்னும் இருக்கின்றன. அவருடைய திருத்தத்தோடு ஒத்துப்பார்த்தாகிவிட்டது, பொருந்துகிறது. அத்தியாயம் அச்சுக்குப் போகிறது. அட்டவணைக்கு அடியில் வரும் குறிப்புக்கு ஒரே ஒரு விவரம்தான் வேண்டும்: எடை சரியாக இருந்த அந்த ஒரு பயணியின் பெயர் என்ன?

"பத்து வருஷம் என்னைக் கூட்டிண்டே பறந்திருக்கான்கள், படுபாவிகள்," என்றார் நீலகண்டன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது இருக்கட்டும். என் பேரை க்ஷ போட்டு எழுதச் சொல்லுங்கோ," என்றாள் கமலாக்ஷி.

அவர் உறையை வாங்கி, பழக்கதோஷத்தில் தராசின்மேல் வைத்தார். முள் அசையவில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எடைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தேதியை மட்டும் எழுதினார்.

14.2.2024, புதன்.