ஒரு மக் தண்ணி

சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இது கட்டுக்கதை இல்லை, என் நாத்தனாருக்கு நடந்தது. அவ பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். என் கல்யாணத்தன்னைக்கே என் மூக்கு பெரிசுன்னு என்கிட்டயே சொன்னவ.

அவ நர்ஸ். எப்பவும் நைட் டியூட்டி. காலையில அவ வந்ததும் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிடுவார். பிள்ளை குட்டி கிடையாது. கதவைத் தாழ் போட்டுப் படுத்தா சாயந்தரம் வரைக்கும் தனிதான். அந்தத் தூக்கம் அவளுக்கு உயிர். ஏன்னா, தூக்கக் கலக்கத்துல ஒரு நோயாளிக்கு மருந்தை மாத்திக் கொடுக்கப் போய், கடைசி நிமிஷத்துல தடுத்திருக்காங்க. "இன்னொரு தடவை கண்ணசந்தே, இந்த வேலையை மறந்துடு"ன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க.

புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே ஆரம்பிச்சது. மத்தியானம், நல்ல தூக்கத்துல...

க்ர்ர்ராஆஆ... த்தூ.

காறித் துப்பற சத்தம். அடிவயித்துல இருந்து இழுத்து, தொண்டையில உருட்டி, தொப்புன்னு. துப்பிட்டுத் தண்ணியாவது ஊத்தணுமில்ல? அதுவும் இல்லை. சீ! மனுஷனா அவன்!

மேல் வீடுதான்னு அவ முடிவு கட்டினா. அடுக்குமாடியில ஒருத்தர் தும்மினா நாலு வீட்டுக்குக் கேக்குமே. தினமும் இதே கூத்து. ஒருநாள் பொறுமை போச்சு. எழுந்து பாத்ரூமுக்குள்ள போனா. சத்தம் சட்டுன்னு நின்னுது. ஜன்னல் வழியா மேலே பார்த்துக் கத்தினா.

"கருமம்! துப்பினா ஒரு மக் தண்ணி ஊத்துங்க!"

திரும்பி வந்து படுத்துட்டா.

மறுநாள்... க்ர்ர்ராஆஆ... த்தூ. அப்புறம்...

சளக்.

தண்ணி!

"சொன்ன பேச்சு கேக்கறாரு அண்ணி"ன்னு எனக்கு போன் பண்ணிச் சிரிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன். இப்ப நினைச்சா உடம்பு கூசுது.

ஏன்னா சாயந்தரம் எழுந்தா பாத்ரூம் தரை ஈரம். ஆணியில மாட்டின மக் கீழே கிடக்கும். அவ டூத் பிரஷ் நனைஞ்சிருக்கும். லேசா ஒரு புளிச்ச நாத்தம் வேற.

"என் பிரஷ்ஷை ஏன் எடுக்கறீங்க?"ன்னு வீட்டுக்காரரைக் கேட்டா.

"காலையில போனவன் இப்பத்தான் வரேன். உளறாதே."

வேலை போயிடுமோங்கற பயத்துல அவளுக்கு வேற எதுவும் பெரிசாத் தெரியலை. அதே பிரஷ்ஷைக் கழுவி, பல் தேய்ச்சுட்டு, டியூட்டிக்கு ஓடினா.

அப்புறம் ஒருநாள் பாத்ரூம்ல தண்ணி இறங்கலை. பிளம்பர் வந்தார். தரையில மூடியைக் கழட்டிக் கம்பியை விட்டு இழுத்தார்.

மஞ்சளும் பச்சையுமா... கொழகொழன்னு... கயிறு கயிறா...

பிளம்பரே மூக்கைப் பொத்திக்கிட்டார். "வீட்டுல சீக்காளி யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"எல்லாம் மேல் வீட்டு ஆளு துப்பறது."

"மேல் வீட்டு பைப் வெளியே தனியா இறங்குதும்மா. இதுல உங்க வீட்டுது மட்டும்தான் வரும்."

அவ திரும்பி வாசக் கதவைப் பார்த்தா.

தாழ் போட்ட வீடு... உள்ளே அவ மட்டும்...

அந்த வாரமே வீடு மாத்திட்டாங்க. புது வீட்டுல முதல் நாள். துணைக்கு வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார்.

எந்தச் சத்தமும் இல்லை. சாயந்தரம் வரைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினா.

"அப்பாடா! எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி!"

வீட்டுக்காரர் மூலையில ஒடுங்கி உக்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"மத்தியானம் நீ எழுந்து பாத்ரூம் போனே..."

"நானா?"

"ஆம்பளைக் குரல்ல காறித் துப்பினே... உன் பிரஷ்ஷால நாக்கை வழிச்சே..."

"அப்புறம்?"

"ஒரு மக் தண்ணி ஊத்தினே. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, 'இப்பப் போதுமா'ன்னு கேட்டே."